பேசிக்கொண்டே ஓடும் வேகம்

சுருளிவேல் எதற்கும் ஓடியவரில்லை. ஒரு பஸ் போனால் அடுத்த பஸ் வரும் என்று நிற்கிறவர். மழை வந்தால்கூட ஒதுங்குவாரே தவிர ஓட மாட்டார். அப்படிப்பட்டவர் தன் ஐம்பத்தாறாவது வயதில் ஒரு நாள் விடிவதற்கு முன்பே எழுந்தார். மகள் எப்போதோ வாங்கிக் கொடுத்துப் பரணில் கிடந்த கேன்வாஸ் ஷூவைத் தட்டி மாட்டிக்கொண்டு, ஊருக்கு வெளியே இருந்த மைதானத்துக்குப் போனார்.

அங்கே ஜன்னத் டீச்சர் இருந்தார். உத்தமபாளையத்தில் பள்ளிக்கூடம் ஒன்றில் விளையாட்டு ஆசிரியை. முப்பது வயதுதான் இருக்கும். காலை நேரத்தில், ஓடியே பழக்கமில்லாத பெரியவர்களுக்கு ஓடக் கற்றுக்கொடுப்பார்.

"நான் போதுமணி வீட்டுக்காரன்."

"தெரியும்ணே. வாங்க."

"ஓடக் கத்துக்கணும்."

"எதுக்குண்ணே?"

சுருளிவேல் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பதில் உடம்பு, கொழுப்பு, டாக்டர் என்று போகும். வாயில் வந்தது வேறு.

"அவ காலையில ஓடிட்டு வீட்டுக்கு வருவா. கேட்டைத் தொறக்கும்போது அவ மூஞ்சியில ஒண்ணு இருக்கும். இத்தனை வருசத்துல நானும் என்னென்னமோ வாங்கிக் குடுத்திருக்கேன். எதுக்கும் அந்த மூஞ்சி வந்ததில்ல. அது எங்கயிருந்து வந்துச்சுன்னு பாக்கணும்."

 ஜன்னத் மைதானத்தைக் கைகாட்டினார்.

"ஓடுங்க."

போதுமணிக்குச் சர்க்கரை என்று டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். நடக்கப் போனவள், ஜன்னத்திடம் பழகி, ஓடிக்கொண்டு வந்தாள். சுருளிவேலுக்கு அது வேடிக்கையாக இருந்தது. மோட்டார் காயில் கட்டும் கடை அவருக்கு. தோட்டங்களிலிருந்து எரிந்துபோன பம்பு மோட்டார்கள் வரும். கருகிய கம்பியை உருவி எடுத்துவிட்டுப் புதுக்கம்பி சுற்றிக் கொடுப்பார். ராத்திரி வரை வேலை இருக்கும். காலையில் போதுமணி போகும்போது திண்ணையில் தூங்கிக்கொண்டிருப்பார், வரும்போது பாதிக் கண் திறந்து அவள் முகத்தைப் பார்ப்பார். காபி வரும். அவ்வளவுதான்.

ஆடி மாதம் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. வாரம் திரும்புவதற்குள் கொண்டு போய்விட்டது.

சுருளிவேல் ஓடினார். கைகளை வீசிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, வெறிநாய் விரட்டினாற்போல ஓடினார். மைதானத்தைப் பாதி சுற்றுவதற்குள் நெஞ்சு அடைத்தது. குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஜன்னத் பக்கத்தில் வந்தார்.

"பாத்தீங்களா?"

"எதை?"

"பாக்க வந்ததை."

"மூச்சு முட்டுச்சு டீச்சர். வேற ஒண்ணும் தெரியல."

"யாருண்ணே தொரத்துனா உங்கள?"

சுருளிவேல் திரும்பிப் பின்னால் பார்த்தார்.

மறுநாளும் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். ஓட ஓடப் பழகிவிடும் என்று நினைத்தார். பழகவில்லை. கெண்டைக்கால் கல்லாக இறுகியது. கடையில் குந்தி எழும்போது முனகினார். ஓடி முடித்து வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக முற்றத்துக் கண்ணாடியில் முகத்தைப் பார்ப்பார். சிவந்து, வீங்கி, யார் மீதோ கோபமாக இருக்கிற ஒரு முகம் இருக்கும். அவர் தேடி வந்தது அதுவல்ல.

பக்கத்துக் கடைக்காரர்கள் கேலி செய்தார்கள். அது அவருக்கு உறைக்கவில்லை. வீட்டுக்குள் நுழையும்போது இருக்கும் நிசப்தம்தான் உறைத்தது. வேகமாக ஓடுகிற நேரத்தில் மட்டும் அந்த நிசப்தம் கேட்பதில்லை. அதனால் இன்னும் வேகமாக ஓடினார்.

ஒரு நாள் கால் மடங்கி மைதானத்திலேயே விழுந்தார். முழங்கை சிராய்த்துவிட்டது. ஜன்னத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டார்.

"டீச்சர், நெசத்தைச் சொல்லுங்க. இது எப்பத்தான் புடிக்கும்?"

ஜன்னத் அவர் கையைத் துடைத்துவிட்டு எழுந்தார்.

"வாங்கண்ணே, வாய்க்கால் ரோட்டுக்குப் போவோம்."

வாய்க்கால் ரோடு என்பது திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் மண்பாதை. ஒரு பக்கம் தண்ணீர் ஓடும். எதிரே மேகமலை நிற்கும். காலை வேளையில் பாதி மலை பஞ்சு மேகத்துக்குள் இருக்கும்.

"இங்க ஓடுங்க. ஒரே ஒரு விசயம். பேசிக்கிட்டே ஓடணும். பேச்சு தடுக்குச்சுன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம். கொறைச்சுக்கங்க."

"யார்கிட்டப் பேச?"

"எங்கிட்ட வேணாம்," என்றார் ஜன்னத். திரும்பி மைதானத்தைப் பார்த்து நடந்துவிட்டார்.

சுருளிவேல் தனியாக நின்றார். பிறகு ஓடினார். "ஒண்ணு" என்று சொல்லிப் பார்த்தார். "ரெண்டு" வரவில்லை. குறைத்தார். இன்னும் குறைத்தார். கடைசியில் அது ஓட்டமா நடையா என்று அவருக்கே சந்தேகம் வந்தது. திராட்சை பறிக்கப் போகும் ஒரு பெண், தூக்குவாளியை வீசிக்கொண்டு, நடையாலேயே அவரைத் தாண்டிப் போனாள். போகிற போக்கில் திரும்பிப் பார்த்தாள்.

"என்னண்ணே, காலு சுளுக்கா?"

"இல்ல தாயி. ஓடுறேன்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேகமாகப் போய்விட்டாள். சுருளிவேலுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் ஒன்றைக் கவனித்தார். 'இல்ல தாயி, ஓடுறேன்' என்பது முழுசாக, மூச்சு அறுபடாமல் வந்திருந்தது.

சில நாள் என்ன பேசுவதென்று தெரியவில்லை. கடை விஷயத்தைப் பேசினார். "கோம்பை ரோட்டுத் தோட்டத்து மோட்டார் மறுபடியும் எரிஞ்சு போச்சு. வோல்டேஜ் பத்தலன்னு சொன்னா அந்தாளு கேக்க மாட்டேங்கிறான்." காற்றில்தான் பேசினார். யாரிடம் என்று நினைக்கவில்லை.

ஒரு நாள் அவர் வாயிலிருந்து, "ரசத்துக்கு மொளகு முதல்ல தட்டிப் போடணுமா, கடைசியிலயா? ரெண்டுவிதமாவும் வெச்சுப் பாத்துட்டேன், வர மாட்டேங்குது" என்று வந்தது.

சொன்ன பிறகுதான் யாரிடம் கேட்கிறோம் என்று அவருக்குப் புரிந்தது.  பேச்சு தடுக்கியது. பேச்சு தடுக்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். குறைத்தார். கால்கள் நிற்கவில்லை. மூச்சு சமனாகும் வரை அப்படியே போனார். பிறகு மறுபடியும் பேசினார்.

அதன் பிறகு பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. எதிர்வீட்டில் புதிதாகக் குடி வந்திருக்கிறவர்களைப் பற்றிச் சொன்னார். அவளுடைய முருங்கை மரம் காற்றில் ஒடிந்துவிட்டதையும், ஒடிந்த இடத்திலேயே துளிர்த்திருப்பதையும் சொன்னார். உயிரோடு இருந்தபோது அவளிடம் இவ்வளவு பேசியதில்லை.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் அது நடந்தது. பேசிக்கொண்டே ஓடிக்கொண்டிருந்தார். திடீரென்று, வழக்கமாகத் திரும்புகிற பாலம் வந்துவிட்டது. எப்போது வந்தோம் என்று தெரியவில்லை. கால்கள் தம்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. வாய்க்கால் பக்கமிருந்து ஈரக்காற்று வந்து பனியனுக்குள் புகுந்தது. மேகமலை முழுசாகத் தெரிந்தது. ஒரு கொக்குக் கூட்டம் அவர் தலைக்கு மேலே, அவர் போகும் திசையிலேயே, அவசரமில்லாமல் பறந்து போனது. சுருளிவேல் வாய்விட்டுச் சிரித்தார்.

சிரித்ததும் நின்றுவிட்டார்.

அன்றைக்கு அவர் மைதானத்துக்குத் திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது. ஜன்னத் கேட்டார்.

"விழுந்துட்டீங்களா?"

"இல்ல டீச்சர். நல்லா இருந்துச்சு."

"சரி."

"ரொம்ப நல்லா இருந்துச்சு டீச்சர். அவ செத்து முழுசா நாலு மாசம் ஆகல. நான் நடுரோட்டுல நின்னு சிரிச்சுட்டேன்."

சுருளிவேல் பனியன் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இனிமே நான் வரல டீச்சர். கோவிச்சுக்காதீங்க."

"கோவமில்லண்ணே."

சுருளிவேல் ஷூவைக் கழற்றிப் பழையபடி பரணில் போட்டார்.

காலையில் அதே நேரத்துக்கு விழிப்பு மட்டும் வந்தது. படுத்தபடியே விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். கடைக்குப் போனால் வேலை ஓடும். வீட்டுக்கு வந்தால் ஒரு வார்த்தை பேச ஆளில்லை. ஓடாத நாட்களில் அவர் போதுமணியிடமும் பேசவில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்து பேச அவருக்கு வரவில்லை.

ஒரு நாள் ராத்திரி திருப்பூரிலிருந்து மகள் கௌசல்யா போன் செய்தாள். கல்யாணமாகி ஆறேழு வருடங்கள் ஆகியும் குழந்தையில்லை அவளுக்கு. போதுமணி ஏறாத கோயில் இல்லை.

"அப்பா."

"சொல்லும்மா."

"நான் முழுகாம இருக்கேம்ப்பா."

அதற்குமேல் மகளால் பேச முடியவில்லை. அவளும் அழுதாள், இவரும் அழுதார். "அம்மா இருந்திருந்தா" என்று இருவருமே சொல்லவில்லை.

போனை வைத்துவிட்டு சுருளிவேல் கூடத்தில் மாட்டியிருந்த போதுமணியின் படத்துக்கு முன்னால் போய் நின்றார். சொல்ல வேண்டும். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. படத்தின் கண்ணாடியில் அவருடைய முகம்தான் தெரிந்தது. அடுப்படிக்குப் போய் நின்று பார்த்தார். கொல்லைக்குப் போய் முருங்கை பக்கத்தில் நின்று பார்த்தார். எங்கேயும் வரவில்லை.

கிழக்கு வெளுக்கும்வரை பொறுத்திருந்தார். பிறகு பரணில் ஏறி ஷூவை எடுத்தார்.

வாய்க்கால் ரோட்டில் பனி இறங்கியிருந்தது. சுருளிவேல் மெதுவாக ஓடத் தொடங்கினார். கால்கள் சூடேறும்வரை ஒன்றும் சொல்லவில்லை. முதல் திராட்சைப் பந்தலைத் தாண்டியதும், "ஏ போது" என்றார். "உன் மக முழுகாம இருக்கா."

சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். எத்தனையாவது மாதம், மாப்பிள்ளை என்ன சொன்னார், கௌசல்யா எப்படி அழுதாள், எல்லாவற்றையும் சொன்னார். இந்தமுறை சிரிப்பு வந்தபோது நிற்கவில்லை.

பாலத்தில் திரும்பினார். எதிரே ஜன்னத் வந்துகொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. அவரும் திரும்பி, சுருளிவேலுக்குப் பக்கத்தில் சேர்ந்துகொண்டார். அவரால் மானைப்போல ஓட முடியும். ஆனால் சுருளிவேல் வேகத்துக்கே வந்தார். இருவரும் கொஞ்ச தூரம் ஓடினார்கள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்கண்ணே."

"நான் ஓடும்போது அவகிட்டத்தான் பேசுறேன். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"ம்."

"ஆனா அவ எனக்கு முன்னாடி போயிட்டாப்லயே தோணுது. நான் ஆமை மாதிரி வர்றேன். அவ தெனம் ஓடிப் பழகினவ. அந்த வளைவு தாண்டி எங்கயோ போயிருப்பா. நான் சொல்றது அவளுக்குக் கேக்குமா?" சுருளிவேல் மூச்சை இழுத்துக்கொண்டார். "அவ எம்புட்டு வேகமா ஓடுவா டீச்சர்? எனக்கு அதுகூடத் தெரியாது. ஒரு நாளும் பாத்ததில்ல."

 பாதையில் தேங்கிக் கிடந்த மழைநீரை இருவரும் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"அக்காவுக்கு நல்ல காலு. எங்கிட்ட ஓட வந்தவங்கள்ல அவங்கதான் வேகம். ஆரம்பத்துல மைதானத்துல என்னையே தாண்டிப் போயிருக்காங்க. பெரியவங்களுக்கு மதுரையில போட்டி வைக்கிறாங்க, வாங்கக்கான்னு கூப்பிட்டேன். வரல. கொஞ்ச நாள்ல மைதானத்தையும் விட்டுட்டு இந்த ரோட்டுக்கு வந்துட்டாங்க. இங்க வந்ததுலயிருந்து மெதுவாத்தான் ஓடினாங்க. எறும்பு ஊர்ற மாதிரி."

"மெதுவாவா? முடியலயா அவளுக்கு?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். ஏன்க்கா, உடம்புக்கு என்னன்னு கேட்டேன். சிரிச்சாங்க. 'எங்க வீட்டுக்காரரு ஒரு நாள் எங்கூட வருவாரு டீச்சர். அவருக்கு இந்த வேகந்தான் வரும். நான் வேகமாவே பழகிட்டா அன்னைக்கு அவர விட்டுட்டுப் போயிருவேன். அதான் இப்பவே இதுக்குப் பழகிக்கிறேன்'னாங்க."

சுருளிவேல் ஓடிக்கொண்டே இருந்தார். வாய்க்கால் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். வளைவு வந்தது, போனது. வெகுதூரம் போன பிறகுதான் குரல் வந்தது.

"இதை நீங்க மொத நாளே சொல்லியிருக்கலாமே டீச்சர்."

"மொத நாள் உங்களுக்கு இந்த வேகம் தெரியாதேண்ணே."