வால்வு சூடாகும் நேரம்

குருவுக்கு வயது முப்பத்தெட்டு, சீடருக்கு அறுபத்தொன்று. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. கண்ணாடி வால்வு வைத்த பழைய ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கத் தெரிந்தவர் ஜெசிந்தா. தெரியாதவர் சங்கரலிங்கம். தெரியாதவர்தான் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து கேட்க வேண்டும். உட்கார்ந்தார்.

தூத்துக்குடி உப்பளத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். மகன் ராஜதுரை கோயில் கொடைத் திருவிழாக்களுக்கு மைக் செட் கட்டிக்கொண்டிருந்தான். "ஏலே, இதெல்லாம் ஒரு பொழப்பா?" என்று ஒருநாள் அவனுடைய வால்வு செட்டை எட்டி உதைத்துவிட்டார். அன்று வீட்டைவிட்டுப் போனவனிடமிருந்து ஏழு வருஷமாகத் தகவல் இல்லை. உதைபட்ட செட் மட்டும் மூலையில் கிடந்தது. அதையாவது பேச வைத்துவிட வேண்டும் என்றுதான் ஜெசிந்தாவிடம் வந்தார்.

முதல் நாளே கேட்டார்.

"டீச்சரம்மா, பாட்டு இல்லாத நேரத்திலயும் வால்வுக்குள்ள கம்பி ஏன் எரியுது?"

"கம்பி எரிஞ்சாத்தான் அதைச் சுத்தி இருக்கிற குழல் சூடாகும். சூடானா, அதுலருந்து எலெக்ட்ரான் கிளம்பித் தகட்டுக்கு ஓடும். நடுவுல ஒரு வலை இருக்கு. மைக்ல வர்ற சின்னக் குரல் அந்த வலைக்குப் போய், ஓட்டத்தைக் கூட்டும், குறைக்கும். அந்த ஏத்த இறக்கந்தான் ஸ்பீக்கர்ல பெருசாக் கேக்குது."

"குரலே இல்லாதப்ப?"

"அப்பவும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கும்."

"வீண்தான?"

ஜெசிந்தா ஒயரில் ஈயம் பற்றவைப்பதைத் தொடர்ந்தார்.

மோட்டார்காரருக்கு மனசு ஆறவில்லை. தண்ணீர் வேண்டுமா, போடு. வேண்டாமா, அணை. நாற்பது வருஷமாக அவருக்குத் தெரிந்த நியாயம் அவ்வளவுதான்.

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் மகனுடைய செட்டைத் தானே பழுது பார்த்துச் சுமந்துகொண்டு வந்தார். முகத்தில் பெருமை வழிந்தது. ஆனால் முதலில் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார்.

"பிழை இருந்தாப் பாருங்க. போற வழியில டெலிபோன் ஆபீஸ்ல குடுக்கணும்."

வீட்டு டெலிபோன் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி எழுதிய கடிதம்.

"ராஜதுரைக்கு இந்த நம்பர் மட்டுந்தான தெரியும், அண்ணாச்சி?"

"ஏழு வருஷமா அவன் அடிக்கல. தெனமும் அதைப் பாத்துக்கிட்டே சோறு திங்க முடியல, டீச்சரம்மா."

ஜெசிந்தா படித்து, மடித்து, திருப்பித் தந்தார். பிழை ஒன்றுமில்லை என்றார்.

சங்கரலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு செட்டைத் திருப்பிக் காட்டினார்.

"ஒரு ரிலே வச்சிருக்கேன், தானாப் போட்டு அணைக்கிற சுவிட்சு. மைக்ல சத்தம் வந்தாத்தான் கம்பி எரியும். வராட்டி அணைஞ்சே கெடக்கும். எப்படி?"

ஜெசிந்தா அதை ஆற அமரப் பார்த்தார். இணைப்புகள் சுத்தமாக இருந்தன. நீள ஒயர் போட்ட மைக்கை எடுத்துக்கொண்டார்.

"ஸ்பீக்கர் பக்கத்துல இருங்க, அண்ணாச்சி."

கொல்லைப்பக்கம் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ரிலே டக்கென்றது. வால்வுக்குள் கம்பி மெல்லச் சிவந்தது. சங்கரலிங்கம் ஸ்பீக்கரில் காதை வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. கம்பி இன்னும் சிவந்தது. அரை நிமிஷம் போனபிறகு, தூக்கம் கலைந்தவன் முனகுவதுபோல் ஓர் இரைச்சல் எழுந்தது. அதற்குள் மைக்கைக் கொல்லையிலேயே விட்டுவிட்டு, கதவைத் திறந்துகொண்டு ஜெசிந்தா உள்ளே வந்துவிட்டார்.

"கேட்டுச்சா?"

"இல்லையே. பேசினீங்களா?"

"பேசினேன்."

"என்ன பேசினீங்க?"

"அதான் பேசி முடிச்சாச்சே."

"இன்னொருவாட்டி சொல்லுங்க, டீச்சரம்மா."

"அந்தக் குரல் ஒருவாட்டி சொல்லத்தான் வந்துச்சு, அண்ணாச்சி."

சங்கரலிங்கம் வால்வின் பக்கம் குனிந்தார். மைக்கில் சத்தம் இல்லாததால் ரிலே மறுபடி டக்கென்றது. கம்பியின் சிவப்பு வடிந்து கண்ணாடி இருண்டது.

"அப்ப எந்நேரமும் எரியணுங்கீங்களா?"

"ஆமா."

அவருடைய கை கடிதம் இருந்த சட்டைப் பையைத் தொட்டது.

"கடைசிவரைக்கும் குரலே வராட்டி?"

ஜெசிந்தா மைக் ஒயரைச் சுருட்டி ஆணியில் மாட்டினார்.

"வீணா எரிஞ்சதா இருக்கும், அண்ணாச்சி. ஆனா அணைச்சு வச்சிருந்தா, குரல் வந்ததுகூடத் தெரியாமப் போயிரும்."