கும்பிடு உழவு

முன்னொரு காலத்தில், எந்தக் காலம், எந்த நாடு என்று மட்டும் கேட்காதீர்கள், மலைச்சரிவில் ஒரு நாடு இருந்தது. அதன் அரசனுக்குத் தரணிகொண்டான் என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். அவன் கொண்ட தரணி ஒரு குன்று, குன்றின் உச்சியில் ஓர் அரண்மனை, சுற்றிலும் சரிவான வயல்கள், அடிவாரத்தில் ஓர் ஆறு, அவ்வளவுதான். அந்த ஆறு எல்லையைத் தாண்டிக் கீழ்நாட்டுக்குள் போய்விடும். அரசன் நல்ல மனசுக்காரன். ஆனால் யாராவது ஒரு யோசனையை அழகாகச் சொல்லிவிட்டால் மறுநாளே அதைச் சட்டமாக்கிவிடுவான். ராஜாக்களுக்கு வரும் வியாதிகளில் இதுவும் ஒன்று.

அந்த வியாதியை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தவர் மந்திரி அகோரமூர்த்தி. ஒரு மாலை அரசனோடு உப்பரிகையில் நின்றுகொண்டிருந்தார். கீழே உழவர்கள் சரிவுக்குக் குறுக்காக உழுதுகொண்டிருந்தார்கள்.

"அரசே, குடிமக்கள் எல்லோரும் தங்களைக் கும்பிடுகிறார்கள். இந்த வயல்கள் மட்டும் ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடக்கின்றன? உழவுச் சால் ஒவ்வொன்றும் அடிவாரத்திலிருந்து அரண்மனையை நோக்கி நேராக ஏறி வந்தால், நிலமே தங்களைக் கும்பிடுவது போல இருக்காதா?" என்றார்.

அரசன் உருகிப் போனான். மறுநாளே ஊர் ஊராகப் பறை அறைந்தார்கள். அன்றிலிருந்து அந்த நாட்டில் எல்லோரும் மேலும் கீழுமாகத்தான் உழுதார்கள். அதற்குக் கும்பிடு உழவு என்று பெயர். "ஏத்தத்துல மாடு முக்குது, எறக்கத்துல ஆளு உருளுறான். யாருய்யா இதைக் கண்டுபிடிச்சது?" என்று உழவர்கள் முணுமுணுத்தார்கள். யார் காதில் விழும்? உப்பரிகையிலிருந்து பார்க்க, வாரி விட்ட தலை போல அழகாகத்தான் இருந்தது. மந்திரிக்கு ஒரு பட்டுச் சால்வை கிடைத்தது.

சில வருஷங்கள் போயின. கேழ்வரகுக் கதிர் வரவரச் சிறுத்தது. ஏரைப் பூட்டினால் அதன் கொழுமுனை கல்லில் இடித்தது. மழையும் முன்போல் இல்லை; வராமல் ஏய்க்கும், வந்தால் ஒரே மூச்சில் கொட்டிவிட்டுப் போய்விடும். ஆற்றுக்குக் கீழே கீழ்நாட்டில் மட்டும் மண் கொழுகொழுவென்று கிடப்பதாக வியாபாரிகள் சொன்னார்கள்.

"நம் மண் எங்கே போயிற்று?" என்று அரசன் கேட்டான்.

மந்திரி யோசிக்கவே இல்லை. "கீழ்நாட்டார் திருடுகிறார்கள், அரசே. வருகிறவன் போகிறவன் எல்லாம் காலில் ஒட்டிக்கொண்டு போகிறான்."

வந்தது அடுத்த சட்டம். நாட்டு மண்ணை எவர் நாடு கடத்தினாலும் அவரும் நாடு கடத்தப்படுவார். எல்லையில் ஆற்றங்கரை ஓரமாக ஒரு சாவடி கட்டினார்கள். நாட்டை விட்டுப் போகிற ஒவ்வொருவனையும் உட்கார வைத்துக் காலைக் கழுவினார்கள். மாட்டின் குளம்பைக் கழுவினார்கள். வண்டிச் சக்கரத்தைக் கழுவினார்கள். சேனைக்கிழங்கு விற்கப் போனவன் ஒவ்வொரு கிழங்கையும் தேய்த்துக் குளிப்பாட்டிவிட்டுச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது, சந்தை கலைந்துவிட்டிருந்தது. சிரிக்காதீர்கள், அவன் பாவம்.

இந்த அரசவையில் ஒரு விகடகவி இருந்தான். பெயர் வெள்ளியம்பலம். அவன் வாயைத் திறந்தால் அரசன் சிரிப்பான். அரசன் சிரித்தால் மந்திரிக்கு வயிறு எரியும். வெள்ளியம்பலத்தின் மனைவி பூவாத்தாள் கீழ்நாட்டுப் பெண். அவள் தன் தங்கையின் வளைகாப்புக்காகப் பிறந்த ஊருக்குப் புறப்பட்டாள். சும்மா போக முடியுமா? வெள்ளியம்பலம் வாங்கிக் கொடுத்த பலாக்கன்று ஒன்றைக் கூடையில் எடுத்துக்கொண்டாள்.

சாவடிக் காவலர்கள் கூடையைப் பிடித்துக்கொண்டார்கள். "வேரைக் கழுவினா கன்னு செத்துப் போயிடும்யா! இத்தனூண்டு மண்ணுல உங்க ராஜ்யம் கொறஞ்சு போயிடுமா?" என்று அவள் சண்டை போட்டாள். கன்றும் கூடையும் பூவாத்தாளும் நேராக அரசவைக்கு வந்து சேர்ந்தார்கள்.

அகோரமூர்த்திக்குப் பொங்கலும் தீபாவளியும் ஒரே நாளில் வந்தது போல இருந்தது. "அரசே, இதோ தங்கள் மண். இதோ அதைக் கடத்தியவள். கன்றை வாங்கிக் கொடுத்தவர் தங்கள் அருமை விகடகவி. சட்டம் தங்கள் வாக்கு. தங்கள் வாக்குக்கு வேண்டியவர், வேண்டாதவர் கிடையாது" என்றார்.

அரசனின் முகம் வாடிவிட்டது. "வெள்ளியம்பலம், நீர் என்ன சொல்கிறீர்?"

வெள்ளியம்பலத்துக்கு அது பிறந்து வளர்ந்த ஊர். தெருவில் எந்த நாய் யாரைப் பார்த்துக் குரைக்கும் என்பதுவரை அவனுக்குத் தெரியும். அதை விட்டுப் போக வேண்டும் என்றதும் விகடமெல்லாம் மறந்துவிட்டது. "கன்று கொண்டுபோனது உண்மைதான், மன்னா" என்று மட்டும் சொன்னான்.

"முதல் மழை விழும்வரை இருங்கள். அதன் பிறகு இருவரும் நாட்டை விட்டுப் போய்விட வேண்டும்" என்றான் அரசன். சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் பூவாத்தாள் பாத்திரங்களை மூட்டை கட்ட ஆரம்பித்தாள். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

"நான்தாங்க உங்களுக்கு வினையா வந்தேன். ஆனா ஒண்ணு கேக்கறேன். இவங்க கால்ல மண்ணைத் தேடுறாங்களே, எங்க ஊரு ஏரியில வந்து பாக்கச் சொல்லுங்க. அதுல எங்க தண்ணி நிக்குது? இங்கேருந்து ஆத்தோட வந்த செம்மண்ணுதான் நிக்குது. ஏரிக்குள்ள ஆடு மேயுது. கோடையில குடிக்கத் தண்ணி இல்லாம எங்கப்பா அல்லாடுறாரு. கல்யாணம் ஆன நாளா சொல்றேன், நீங்கதான் பொறந்த வீட்டுப் பெருமை பேசுறேன்னு சிரிச்சீங்க."

வெள்ளியம்பலம் இப்போது சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை சொல்லு" என்றான். அவள் சொன்னாள். அவன் மூட்டையைப் பிரித்துப் பாத்திரங்களை அடுக்களையிலேயே வைத்துவிட்டு வந்தான்.

மறுநாள் அரசவையில் போய் நின்றான். "மன்னா, நான் கூடை மண் கடத்தியவன். வண்டி வண்டியாகக் கடத்துகிற திருடன் ஒருவன் இருக்கிறான். முதல் மழையன்று அவனைப் பிடித்துத் தருகிறேன். பிடித்துவிட்டால் எங்களை விட்டுவிட வேண்டும்."

மந்திரி முந்திக்கொண்டார். "பிடிக்கட்டும், அரசே. ஆனால் கதை சொல்லித் தப்பிக்கக் கூடாது. திருடனைக் கழுத்தில் கயிறு கட்டி, சிம்மாசனத்தின் முன் கொண்டுவந்து நிறுத்த வேண்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றான் வெள்ளியம்பலம். அவ்வளவு சுலபமாக அவன் ஒப்புக்கொண்டது மந்திரிக்குக் கொஞ்சம் உறுத்தியது.

முதல் மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. வெள்ளியம்பலம் காவலர்களையும் பெரிய பெரிய பானைகளையும் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனான். மாலையில் திரும்பி வந்தான். பானைகளைச் சிம்மாசனத்தின் முன் வரிசையாக இறக்கி வைத்தான். ஒவ்வொரு பானையிலும் வாய் வரைக்கும் ஆற்றுத் தண்ணீர், செக்கச்செவேல் என்று.

"திருடன் எங்கே?" என்றான் அரசன்.

"கழுத்தில் கயிற்றோடு நிற்கிறானே, மன்னா." எந்தப் பானையைத் தூக்கவும் கழுத்தில் கயிறு கட்டத்தானே வேண்டும்? கட்டியிருந்தது. அவை சிரித்தது. "மழையில் நனைந்த திருடன். விசாரணையை நாளைக் காலையில் வைத்துக்கொள்ளலாம். அதுவரை யாரும் அவனைத் தொடக் கூடாது."

காலையில் பார்த்தால் பானைகளில் தண்ணீர் தெளிந்திருந்தது. வெள்ளியம்பலம் ஒவ்வொன்றாகச் சாய்த்துத் தண்ணீரை வடித்தான். அடியில் கெட்டியாகச் சேறு. அரசன் இறங்கி வந்து விரலால் தொட்டுப் பார்த்தான். நல்ல வளமான மேல்மண். கேழ்வரகு வேர்கூட ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது நம் மண்!" என்றான்.

"ஆமாம், மன்னா. இந்தக் கடைசிப் பானை இன்னும் விசேஷம். சாவடியில் கால் கழுவிய தண்ணீர் வாய்க்காலில் இறங்கி ஆற்றில் விழுகிற இடத்தில் பிடித்தது. காலோடு போயிருந்தால் பாதி மண் வழியிலேயே உதிர்ந்திருக்கும். நம் காவலர்கள் ஒரு துளி விடாமல் கழுவி எடுத்துக் கீழ்நாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்."

அரசனுக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. அகோரமூர்த்தி விடவில்லை. "இது ஏமாற்று, அரசே! ஆறு வெறும் தண்ணீர். அது எப்படித் திருடனாகும்?"

"மந்திரியார் சொல்வது சரி" என்றான் வெள்ளியம்பலம். "ஆறு வெறும் வண்டி. வண்டியில் ஏற்றி விட்டவன்தான் திருடன். அவனைக் காட்ட வேண்டுமானால் மன்னர் உப்பரிகைக்கு வர வேண்டும்."

மழை இன்னும் விட்டபாடில்லை. அரசன் மேலே நின்று பார்த்தான். அவனைக் கும்பிட்டுக்கொண்டிருந்த சால்கள் ஒவ்வொன்றிலும் செந்நீர் அடிவாரத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. தடுக்க ஒரு வரப்பு இல்லை, ஒரு புல் இல்லை. குன்று முழுவதும் ஒழுகிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் குறுக்கே உழுத சாலில் தண்ணீர் நின்று ஊறியது அவனுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"இப்படி உழச் சொன்னது யார்?" என்று கேட்டுவிட்டான். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். கூடவே ஏறி வந்திருந்த அவையோர் எல்லோரும் மந்திரியைப் பார்த்தார்கள். மந்திரி தன் பட்டுச் சால்வையைப் பார்த்தார். பிறகு, மெதுவாக, அரசனைப் பார்த்தார்.

வெள்ளியம்பலம் கைகூப்பினான். "மன்னா, சட்டப்படி பார்த்தால் யோசனை சொன்னவர், ஆணை போட்டவர், உழுதவர், கால் கழுவியவர் எல்லோரும் மூட்டை கட்ட வேண்டும். பிறகு இந்தக் குன்றில் நரி மட்டும்தான் இருக்கும். ஆட்களை அனுப்புவதைவிட மண்ணை நிறுத்துவது சுலபம் இல்லையா?"

அரசன் ஒழுகுகிற குன்றை இன்னொரு தடவை எட்டிப் பார்த்தான். பிறகு சிரித்தான். உப்பரிகையே அதிரும்படி சிரித்தான். அந்தச் சட்டம் அங்கேயே ஒழிந்தது. அவையோரோடு வந்து நின்ற பூவாத்தாள், அரசன் முன்னால் என்றும் பாராமல், அப்பாடா என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவு ஆறுதல் அவளுக்கு.

"வெள்ளியம்பலம், உமக்குப் பரிசு தராமல் விடமாட்டேன். உப்பரிகைக்கு நேர் எதிரே இருக்கிற அந்தச் சரிவு நிலம் உமக்குத்தான்."

வெள்ளியம்பலம் எட்டிப் பார்த்தான். பாறையும் சரளையும் பல்லைக் காட்டின. "மன்னா, நிலம் இங்கே இருக்கிறது. அதன் மண் கீழ்நாட்டு ஏரியில் இருக்கிறது. எனக்கு முழு நிலமாகக் கொடுப்பதென்றால் இரண்டு அரசர்களும் முத்திரை வைக்க வேண்டுமே!"

அரசன் மறுபடியும் சிரித்தான். ஆனால் இந்தத் தடவை சிரிப்பு முடிந்ததும் யோசித்தான். மண்ணைப் பற்றிப் பேச வரும்படி கீழ்நாட்டு அரசருக்கு ஓலை அனுப்பினான். கொண்டுபோனவர் அகோரமூர்த்தி. சாவடியை மூடச் சொல்லி இன்னும் ஆணை போய்ச் சேரவில்லை. ஆகவே மந்திரியின் காலை நன்றாகத் தேய்த்துக் கழுவித்தான் அனுப்பினார்கள்.

கீழ்நாட்டு அரசர் கோபத்தோடுதான் வந்தார். "நீர் வேண்டுமென்றே எங்கள் ஏரிகளைச் சேற்றால் நிரப்புகிறீர் என்றல்லவா நினைத்திருந்தோம்!" என்றார். "நீர் எங்கள் மண்ணைத் திருடுகிறீர் என்று நானும் நினைத்திருந்தேன்" என்றான் தரணிகொண்டான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குமேல் சண்டை போட என்ன இருக்கிறது?

கீழ்நாட்டார் ஏரியைத் தூர் வாரினார்கள். மேலே தினை வாங்க வருகிற வண்டிகள் எப்போதும் காலியாகத்தான் வரும். இப்போது அவை வண்டல் ஏற்றிக்கொண்டு வந்தன. மேலே இருந்தவர்கள் சரிவுக்குக் குறுக்கே உழுது, கல் வரப்பு போட்டு, வரப்பு ஓரமாக வெட்டிவேர் நட்டார்கள். வறட்சியைத் தாங்கும் சாமை விதை கீழே போயிற்று. வெள்ளத்தில் நின்றாலும் அழுகாத நெல் கீழ்நாட்டிலிருந்து மேலே ஆற்றோரத்து வயல்களுக்கு வந்தது. இதையெல்லாம் மேற்பார்வை பார்க்கிற வேலையை அகோரமூர்த்திக்கே கொடுத்தார்கள். முழங்கால் சேற்றில் நின்று பழகியதும் மனுஷர் நன்றாகத்தான் செய்தார், பொய் சொல்லக் கூடாது.

அடுத்த வருஷம் மழை நாள் தள்ளி வந்து, வந்த வேகத்தில் கொட்டியது. ஆற்றில் தண்ணீர் வெளுத்துத்தான் ஓடியது. வெள்ளியம்பலத்தின் சரிவு நிலத்தில் கேழ்வரகு தலை சாய்ந்து நின்றது. அறுவடை பார்க்க இரண்டு அரசர்களும் வந்திருந்தார்கள். வரப்பில் நின்ற பூவாத்தாளிடம் தரணிகொண்டான், "ஏனம்மா, வண்டல் வந்து இறங்கியதே, நிலம் எப்படி இருக்கிறது?" என்று கேட்டான்.

அவள் ஒரு பிடி மண்ணை அள்ளிப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது, குரல் மட்டும் கணீரென்று வந்தது. "நல்லா இருக்குங்க மகாராஜா. கல்யாணத்தப்போ எங்கப்பனால ஒண்ணும் செய்ய முடியல. இத்தனை வருஷம் கழிச்சு வண்டி கட்டிச் சீர் அனுப்பியிருக்காரு. தெறந்து பாத்தா, அத்தனையும் எம் மாமியா வீட்டு மண்ணு!"

முதலில் சிரித்தது கீழ்நாட்டு அரசர். தரணிகொண்டான் சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று கேழ்வரகுக்குள் விழுந்தது. சிரித்து முடித்துவிட்டு, தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவள் கையில் கொடுத்தான். பக்கத்தில் நின்ற வெள்ளியம்பலத்துக்கு அன்றைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை.