வால் மடித்த கையெழுத்து

ரொம்ப காலத்துக்கு முன்பு என்று சொல்ல முடியாது. ஆனாலும் கொஞ்ச காலம் ஆகத்தான் ஆகிவிட்டது. செண்பகவல்லி என்ற பெண்ணின் வலது கை விரல்களுக்குள் ஒரு கையெழுத்து குடியிருந்தது.

அழகான கையெழுத்து. முதல் எழுத்தின் கொம்பு தலைநிமிர்ந்து எழும். கடைசி எழுத்தின் சுழி அதோடு நிற்காது; வாலாக நீண்டு கீழே இறங்கி, பெயர் முழுவதற்கும் அடியில் ஒரு கோடாக ஓடும். கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. பார்ப்பவர்கள், "அடேங்கப்பா, கலெக்டர் கையெழுத்து மாதிரி இருக்கே" என்பார்கள்.

செண்பகவல்லி கல்யாணங்களுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தாள். அண்டா வாங்கிய பில், கடன் பத்திரம், தெரிந்தவர்களுக்கு ஜாமீன் என்று அந்தக் கையெழுத்து போகாத இடமில்லை. "இங்கேயா? இங்கேயும் போடணுமா? போட்டாப் போச்சு!" என்று காகிதத்தில் குதிக்கும். தனக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் அண்ணாந்து பார்த்ததில்லை.

பிறகு இரண்டு வருஷம் கல்யாண மண்டபங்கள் பூட்டிக் கிடந்தன. அண்டாக்கள் கடைக்குள் கவிழ்ந்து கிடந்தன. அவள் ஜாமீன் போட்டுக் கொடுத்த ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகக் காணாமல் போனார்கள். கடைசியில் செண்பகவல்லி கோர்ட்டுக்குப் போய் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தாள். 'என்னால் கடனைக் கட்ட முடியவில்லை, இருப்பதை எடுத்துப் பிரித்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லும் மனு. அதன் அடியிலும் அதே கையெழுத்துதான் போய் நிற்க வேண்டியிருந்தது. கொம்பும் வாலும் நடுங்க நடுங்க நின்றது.

பாத்திரங்கள் ஏலம் போயின. கடன் கொடுத்தவர்கள் வந்ததைப் பிரித்துக்கொண்டார்கள். கோர்ட் அவளைக் கடனிலிருந்து விடுவித்து உத்தரவு போட்டது. அவளும் ஒரு விடுதிச் சமையல்கட்டில் மேற்பார்வை வேலைக்குச் சேர்ந்தாள். பழைய வங்கிக் கணக்கிலேயே மாதாமாதம் சம்பளம் விழுந்தது.

கையெழுத்துக்குத்தான் வெளியே தலைகாட்ட முடியவில்லை. கொம்பைத் தாழ்த்திக்கொண்டது. வாலை மடித்துக்கொண்டது. புள்ளிகளை உதறிவிட்டது. 'செ. வல்லி' என்று சுருங்கி, விடுதி வருகைப் பதிவேட்டின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டு எழுந்து வரும். இப்படி இருந்தால் யாருக்கும் அடையாளம் தெரியாது என்று அதற்கு ஒரு நிம்மதி.

ஏழு வருஷம் போனது. செண்பகவல்லி இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டும் கொண்ட வீடு ஒன்றைப் பார்த்தாள். சேர்த்து வைத்ததை எல்லாம் முன்பணமாகக் கொடுத்து ஒப்பந்தம் போட்டாள். மீதிப் பணத்துக்கு, அந்த வீட்டையே அடமானம் வைத்து இருபது வருஷக் கடன் கேட்டாள். வங்கி மானேஜர் கோர்ட் உத்தரவைப் படித்தார். ஏழு வருஷச் சம்பளத்தைப் பார்த்தார். சரி என்றார். பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி. ஆனால் ஒப்பந்தக் கெடு அன்றோடு முடிகிறது. நாலு மணிக்குள் பணம் வீட்டுக்காரர் கைக்குப் போகாவிட்டால் முன்பணமும் இல்லை, வீடும் இல்லை.

மணி இரண்டரை.

"வாங்க தாயி" என்றது பேனா. வங்கி மேஜையில் நூலால் கட்டிப் போட்டிருந்த பேனா அது.

"உங்களை ஏண்ணே கட்டிப் போட்டிருக்காங்க?" என்று கேட்டது கையெழுத்து.

"லட்சம் லட்சமா கடன் குடுப்பாங்க. மூணு ரூபாய் பேனாவை மட்டும் யாரையும் நம்பிக் குடுக்க மாட்டாங்க."

கையெழுத்துக்குச் சிரிப்பு வரவில்லை. "எத்தனை பக்கம்ணே?"

"நாற்பத்திரண்டு. ஏன் தாயி, உடம்பு சரியில்லையா? வாலெல்லாம் மடங்கி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கேன். மஞ்சள் நோட்டீஸ்ல நின்னவளா நான் இங்கே வர விரும்பலை. புது வீடு, புது முகம். பழசு பழசோட போகட்டும்."

கையெழுத்து முதல் பக்கத்தின் அடியில், 'செ. வல்லி' என்று ஓர் ஓரமாக உட்கார்ந்தது.

மேஜைக்குப் பின்னால் இருந்த வங்கி அதிகாரி முத்திரையைக் கையில் எடுத்தார். மைப்பெட்டியில் ஒரு குத்து. பக்கத்துக்கு மேலே வந்த முத்திரை அப்படியே நின்றுவிட்டது.

"யாரும்மா நீ?" என்றது முத்திரை. தடித்த குரல்.

"செண்பகவல்லியோட கையெழுத்து சார்."

"அவ கையெழுத்தை எனக்குத் தெரியுமே. பதினெட்டு வருஷப் பழக்கம். நீ இல்லை."

அதிகாரியும் அதே நேரத்தில், "கையெழுத்து ஒத்துப்போகலையேம்மா" என்று சொல்லிக் கணினியைத் தட்டினார். கணக்குத் தொடங்கிய அன்று செண்பகவல்லி போட்டுக் கொடுத்த மாதிரிக் கையெழுத்து திரையில் வந்து நின்றது. கொம்பு நிமிர்ந்து, வால் ஓடி, இரண்டு புள்ளியும் பளிச்சென்று. பதினெட்டு வருஷமாக அது வங்கியை விட்டு வெளியே போகவில்லை. அதனால் வயதும் ஆகவில்லை.

"ஏய், யாருடி நீ?" என்று கேட்டது திரையில் இருந்த மாதிரிக் கையெழுத்து. "என் பேரைச் சொல்லிக்கிட்டு வந்திருக்கே? என்ன இது, மழையில நனைஞ்ச கோழி மாதிரி?"

"மெதுவாப் பேசு. நான்தான் நீ."

"நானா? நான் இப்படியா ஆவேன்? என் வால் எங்கே?"

"மடிச்சு வெச்சிருக்கேன்."

"புள்ளி?"

"உதறிட்டேன்."

"ஏன்?"

கையெழுத்து முத்திரையைப் பார்த்துக் கெஞ்சியது. "சார், நாலு மணிக்குக் கெடு. மனசு வெச்சு அடிச்சிடுங்க. மஞ்சள் நோட்டீஸை நினைச்சுத்தானே யோசிக்கறீங்க?"

முத்திரைக்குக் கோபம் வந்துவிட்டது. "மஞ்சள் நோட்டீஸைப் பார்த்து நான் ஏன்மா பயப்படணும்? அதைப் படிச்சிட்டுத்தானே மானேஜர் சரின்னு சொன்னார்? விழுந்தவ அவ. கோர்ட்டுல போய் உள்ளதைச் சொன்னவ அவ. விடுதலை வாங்கினவ அவ. ஏழு வருஷம் இந்தக் கணக்குல ஒழுங்கா நடந்தவளும் அவதான். கடன் அவளுக்குத்தான். உனக்கு ஏது? உனக்கு இங்கே கணக்கும் இல்லை, கோர்ட் உத்தரவும் இல்லை. நேத்துப் பொறந்தவ மாதிரி வந்து நிக்கறே. உன்னை நம்பி நான் எப்படி விழறது?"

கையெழுத்துக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷமும் விழுந்ததை மறைக்கிறோம் என்று நினைத்திருந்தது. எழுந்ததையும் சேர்த்து மறைத்துவிட்டது இப்போதுதான் அதற்கு உறைத்தது.

கடிகாரத்தில் மணி மூன்று.

அதிகாரி ஒரு வெற்றுத் தாளை நீட்டினார். "பழையபடி போட வருதான்னு ஒரு தடவை போட்டுப் பாருங்கம்மா."

போட வரவில்லை. கொம்பு பாதியில் சாய்ந்தது. வால் இறங்க வேண்டிய இடத்தில் ஏறியது.

"தாயி, நான் எங்கேயும் போக மாட்டேன், நூல்லதான் கட்டியிருக்கு. நிதானமாப் போடுங்க" என்றது பேனா.

திரையில் இருந்த மாதிரிக்கும் பொறுக்கவில்லை. "மேலே ஏறுக்கா. இன்னும் கொஞ்சம். ஆங், அங்கேதான் திரும்பணும்." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டது. "அக்கா, எனக்கு என்னதான் ஆச்சு?"

கையெழுத்து திரையின் பக்கம் திரும்பியது. "கொஞ்ச வருஷத்துல நீ ஒரு மஞ்சள் காகிதத்துல போய் நிப்பே."

"நானா? ஓடிப் போயிடுவேனே!"

"ஓட மாட்டே. நடுங்குவே. ஆனா நிப்பே. உன்னை ஜாமீன் போட வெச்சவங்க எல்லாம் ஓடிப் போயிடுவாங்க. நீ மட்டும்தான் நிப்பே."

"வாலோடயா?"

"வாலோட, ரெண்டு புள்ளியோட."

"அப்படின்னா எதுக்குக்கா வெட்கப்படறே?"

கையெழுத்து முதல் பக்கத்தில் போட்ட 'செ. வல்லி'யை ஒரு கோடு போட்டு அடித்தது. பக்கத்திலேயே எழுந்து நின்றது. கொம்பு நிமிர்ந்தது. வால் நீண்டு, இறங்கி, பெயருக்கு அடியில் ஓடியது. ஒரு புள்ளி. இன்னொரு புள்ளி.

"வா" என்றது முத்திரை. "உன்னைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்." தொப்பென்று விழுந்தது.

இரண்டாவது பக்கம். மூன்றாவது பக்கம். பதினேழாவது பக்கத்தில் கையெழுத்து நின்றுவிட்டது.

"என்ன தாயி, மறுபடியும் மறந்து போச்சா?" என்று பதறியது பேனா.

"இல்லைண்ணே. மேலே என்ன எழுதியிருக்குன்னு பார்க்கறேன்."

செண்பகவல்லி அதிகாரியிடம் கேட்டாள். "சார், வட்டி ஏறினா மாசத் தவணை ஏறுமா? இல்லை, வருஷம் கூடுமா?"

அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்துப் பார்த்து, "வருஷம் கூடும்மா. அது வேண்டாம், மாசத் தவணையே ஏறட்டும்னா இங்கே எழுதிக் கொடுக்கணும்" என்றார்.

"அப்போ எழுதியே கொடுத்திடறேன் சார். ஐம்பத்தெட்டு வயசுக்கு மேல எனக்குச் சம்பளம் கிடையாது. வருஷம் கூடவே கூடாது. மாசம் கொஞ்சம் கூடினா சமாளிச்சுக்குவேன்."

அதிகாரி அவள் வயதைக் கணக்குப் போட்டுப் பார்த்து, "சரிதாம்மா, உங்களுக்குத் தவணை ஏறுறதுதான் நல்லது" என்று அந்த இடத்தில் குறித்துக் கொடுத்தார்.

"இந்த மேஜையில நான் ஆறு வருஷமாக் கட்டிக் கிடக்கறேன்" என்றது பேனா. "பதினேழாம் பக்கத்துல நின்ன ஆளை இன்னைக்குத்தான் பார்க்கறேன்."

நாற்பத்திரண்டு பக்கமும் முடிந்தபோது மணி மூன்று முப்பத்தைந்து. செண்பகவல்லி காசோலையை வாங்கிக்கொண்டு தெருவைக் கடந்து ஓடினாள். வீட்டுக்காரர் எதிர்க்கடையில் டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். காசோலை கைமாறியது. அவள் விரல்களுக்குள் இருந்த கையெழுத்து நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தது.

வங்கியில் அடுத்து வந்தவர் டை கட்டிய மனிதர். எந்தக் கோர்ட்டையும் பார்க்காத, ஒரு கீறல் இல்லாத கையெழுத்து அவருடையது. "இங்கேயா? இங்கேயுமா? போட்டாப் போச்சு" என்று நாற்பத்திரண்டு பக்கத்தையும் நாலே நிமிஷத்தில் தாண்டியது. ஒரு தடவைகூட மேலே பார்க்கவில்லை.

மாதிரியோடு அச்சு அசலாக ஒத்துப்போனது. மறுக்க வழியில்லை. முத்திரை விழுந்தது.

அன்று முழுக்க முத்திரை நடுங்கியது அந்த ஒரு தடவைதான்.