இடப்பக்கமாகவே சுற்றியவர்

செங்கோடன் திருச்செங்கோட்டுக்காரர். மூன்று போர்வெல் ரிக் வண்டிகளுக்குச் சொந்தக்காரர். இருபத்தாறு வருடம் பூமிக்குள் துளை போட்டவர், நாற்பத்தெட்டாவது வயதில் வானத்திலிருந்து குதிக்க வந்தார்.

அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் மெல்பா. குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர். விமானப் படையில் பாராசூட் பயிற்சி கொடுத்துவிட்டு வெளியே வந்தவர். வயது முப்பத்து மூன்று. ஆயிரத்து நானூறு முறை குதித்திருந்தார். செங்கோடன் அவரை டீச்சர் என்பார். மெல்பா அவரை அண்ணே என்பார்.

பயிற்சி நடந்தது ஒரு பழைய ஓடுதளத்தில். உலகப் போர்க் காலத்தில் போட்டது. சுற்றிலும் சீமைக் கருவேலம். கிழக்கு ஓரத்தில் உயர் அழுத்த மின்கம்பி. மாதத்தில் பத்து நாள் ஒரு சங்கத்தார் சிறிய விமானம் ஒன்றைக் கொண்டுவந்து அங்கே முகாம் நடத்தினார்கள்.

முதல் எட்டுக் குதிப்புகளில் செங்கோடனுக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு ஆசிரியர்கள் ஆளுக்கொரு பக்கம் அவரைப் பிடித்துக்கொண்டே கூட விழுந்தார்கள். ஒன்பதாவதில் கையை விட்டார்கள். விட்டதும் அவர் சுற்ற ஆரம்பித்தார். இடப்பக்கமாக, செக்கு சுற்றுவதுபோல, மெதுவாக.

பத்தாவதிலும் சுற்றினார். பதினொன்றாவதிலும் சுற்றினார்.

"நான் ஏனுங்க டீச்சர் சுத்தறேன்?" என்று கேட்டார்.

மெல்பா கொஞ்ச நேரம் யோசித்தார்.

"தெரியல, அண்ணே."

அந்தப் பதில் செங்கோடனுக்குப் பிடித்திருந்தது. தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் தெரியாது என்று சொன்ன நீரோட்டக்காரரை அவர் அதுவரை பார்த்ததில்லை.

அடுத்த மாத முகாமுக்கு அவர் ஒரு பெரிய பையோடு வந்தார். தார்ப்பாயை விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். முகத்தை முழுதும் மூடும் ஹெல்மெட். உடம்போடு ஒட்டும் உடுப்பு. கையுறை. தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. கடைசியாக ஒரு பாராசூட்.

"இதுல எதைப் போட்டாச் சுத்தாம விழுவேனுங்க?"

மெல்பா தார்ப்பாயில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாராசூட் பையைத் தூக்கினார்.

"எத்தனை சதுர அடி?"

"நூத்தி முப்பத்தஞ்சுங்க. பெங்களூர்ல ஒருத்தரு குடுத்தாரு. சும்மா பறக்குமாம்."

"நாம உங்களுக்குப் போட்டுவிடுறது?"

"எரநூத்தி நாப்பதுங்க. எருமை மாதிரி அசைஞ்சு அசைஞ்சு போகுது."

"உங்க எடை?"

"எம்பத்தாறு கிலோங்க."

மெல்பா எழுந்து, அந்தச் சிறிய பாராசூட்டை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாவியை செங்கோடனிடமே கொடுத்தார்.

"இருநூறு தடவை குதிச்ச பிறகு இதைப் பத்திக் கேளுங்க."

செங்கோடன் ஏன் என்று கேட்கவில்லை. தீப்பெட்டி அளவுக் கருவியை நீட்டினார். ஹெல்மெட்டின் இடது கன்னத்து உறைக்குள் அதைச் செருகிக்கொள்ளலாம். எந்த உயரத்தில் பாராசூட்டை விரிக்க வேண்டும் என்று முன்பே குறித்து வைத்தால், அந்த உயரம் வந்ததும் பீப் பீப் என்று கத்தும்.

"வச்சிக்கிடுங்க. ஆனா மணிக்கட்டுல கட்டியிருக்க உயரம் காட்டுற மீட்டரைப் பாத்துத்தான் விரிக்கணும்" என்றார் மெல்பா.

அதை வைத்துக்கொள்ளச் சொன்னது தன் தவறு என்று பின்னாளில் அவர் மற்ற மாணவர்களிடம் சொல்வதுண்டு.

பன்னிரண்டாவது குதிப்பில் செங்கோடன் முன்னைவிட வேகமாகச் சுற்றினார்.

மெல்பாவுக்கு இது வியப்பாக இருந்தது. அவரை ஒரு பெஞ்சில் குப்புறப் படுக்கவைத்தார். இடுப்பைக் கீழே அழுத்தி, நெஞ்சையும் கால்களையும் தூக்கி, உடம்பை வில்போல வளைக்கச் சொன்னார். ஒரு நூலை எடுத்துத் தரையிலிருந்து இரண்டு முழங்கால்களின் உயரத்தை அளந்தார். பாதங்களை அளந்தார். முழங்கைகளை அளந்தார். எல்லாம் சமமாக இருந்தன.

"முப்பது வருசம் வண்டி ஓட்டுனதுல வலது காலு முறுக்கேறி இருக்குமுங்களா?" என்று செங்கோடன் பெஞ்சில் படுத்தபடியே கேட்டார்.

"இருக்கலாம். வலது காலைத் தளர விட்டுப் பாப்போம்."

பதின்மூன்றாவதில் பழைய தொளதொள உடுப்பைப் போட்டுக்கொண்டு, வலது காலைத் தளர விட்டு விழுந்தார். அப்போதும் சுற்றினார்.

"காலு இல்லீங்க."

"கால் இல்ல" என்றார் மெல்பா. இருவரும் டீ குடித்தார்கள். இருவருக்கும் அதே யோசனைதான்.

பதினான்காவது குதிப்பு ஒரு வியாழக்கிழமை காலையில். பத்தாயிரம் அடியில் இருவரும் விமானத்தை விட்டார்கள். சில நொடிகளில் செங்கோடன் சுற்ற ஆரம்பித்தார். மெல்பா எதிரே மிதந்து கையை உதறிக் காட்டினார். உடம்பைத் தளர்த்துங்கள் என்று அதற்குப் பொருள். செங்கோடன் அதைப் பார்க்கவில்லை. முகம் இடப்பக்கம் திரும்பியிருந்தது. சுற்று வேகம் பிடித்தது.

ஐயாயிரம் அடியில் விரிக்க வேண்டியவர் மணிக்கட்டைப் பார்த்தபோது நாலாயிரத்தைத் தாண்டியிருந்தது. சுற்றிக்கொண்டே இழுத்தார். பாராசூட் நன்றாகத்தான் விரிந்தது. ஆனால் கயிறுகள் ஒன்றோடொன்று நான்கு முறுக்கு முறுக்கிக்கொண்டன. கற்றுக்கொடுத்தபடி கயிறுகளை அகட்டிப் பிடித்துக் கால்களை உதைத்தார். தலைக்குமேல் அந்தப் பெரிய பாராசூட் அசையாமல் நின்றது. முறுக்கு ஒவ்வொன்றாக அவிழ்ந்தது.

அவிழ்வதற்குள் காற்று அவரைக் கிழக்கே தள்ளியிருந்தது.

மெல்பா முதலில் இறங்கிவிட்டார். ரேடியோவை எடுத்தார். அதுவரை செங்கோடனுக்கு அது தேவைப்பட்டதில்லை.

"அண்ணே, வலது பக்கம் திரும்புங்க. முன்னால மின்கம்பி."

செங்கோடன் நேராகவே போனார்.

"அண்ணே, வலது. வலது கைப்பிடியை இழுங்க."

நேராகவே போனார். மூன்றாவது முறை மெல்பா கத்தியே சொன்னார். கடைசி நேரத்தில் கம்பியைத் தன் கண்ணாலேயே பார்த்து, செங்கோடன் வலது கைப்பிடியை இழுத்தார். கம்பிக்கு முப்பது தப்படி இப்பால் கருவேல முள்ளுக்குள் போய் விழுந்தார்.

மெல்பா ஓடினார். செங்கோடன் கையில் குத்திய முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"ரேடியோ வேலை செய்யலீங்க டீச்சர்."

மெல்பா அவருடைய ஹெல்மெட்டின் இடப்பக்கத்திலிருந்து ரேடியோவைக் கழற்றித் தன் காதில் வைத்தார். ஓடுதளத்தில் நின்ற இன்னொரு ஆசிரியரைப் பேசச் சொன்னார். தெளிவாகக் கேட்டது.

செங்கோடன் பாராசூட்டை முள்ளிலிருந்து மெல்ல எடுத்துச் சுருட்டினார்.

"டீச்சர், இந்த முறுக்கு அந்தச் சின்னதுல விழுந்திருந்தா?"

"அது உங்களையும் சேத்துச் சுழட்டியிருக்கும். உதைச்சு அவுக்க நேரம் இருந்திருக்காது."

செங்கோடன் தலையாட்டினார்.

இருவரும் ஓடுதளத்தில் திரும்பி நடந்தார்கள். புழுதி மூடிய தளம். மெல்பா அவருக்கு இடப்பக்கம் வந்து மெதுவாக ஏதோ கேட்டார். செங்கோடன் இடப்பக்கமாகத் திரும்பி அவருக்கு எதிரே நின்றார். மெல்பா பேசிக்கொண்டே இரண்டு அடி வைத்து மறுபடியும் அவருடைய இடப்பக்கம் போனார். செங்கோடன் மறுபடியும் இடப்பக்கம் திரும்பினார். மெல்பா இன்னும் இரண்டு அடி வைத்தார். செங்கோடனும் திரும்பினார். மெல்பா பேச்சை நிறுத்தவில்லை. முள் ஆழமாகக் குத்தியதா, டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறீர்களா என்று சாதாரணமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு நின்றார்.

"கீழ பாருங்க, அண்ணே."

புழுதியில் மெல்பாவின் கால் தடங்கள் ஒரு முழு வட்டம் போட்டிருந்தன. அதன் நடுவே, செங்கோடன் நின்ற இடத்தில், புழுதி திருகித் திருகித் தளம் தெரிந்தது.

செங்கோடன் வெகு நேரம் அதைப் பார்த்தார். சுருட்டிய பாராசூட்டை இறக்கி வைத்துவிட்டு அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். மெல்பா அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்தார்.

"எப்ப இருந்து?"

"ஆறு வருசமாச்சுங்க. கம்ப்ரசர் பக்கத்துலயே நின்னு நின்னு எடது காது போயிருச்சு. ஊட்டுல கூடச் சொல்லலீங்க."

"ஏன்?"

"ரிக்குல பதினாறு பேரு இருக்கறாங்க. அறநூறு அடியில துளை எறங்கறப்ப, பாறையா, மண்ணா, தண்ணி வருதா, எல்லாம் சத்தத்துலதாங்க தெரியும். நான் நிறுத்துன்னு சொன்னா நிறுத்துவாங்க. என்ற காதை நம்பித்தான் நிக்கறாங்க. அது போயிருச்சுன்னு தெரிஞ்சா, அப்பறம் நான் எதுக்குங்க அங்க?"

மெல்பா அவருடைய ஹெல்மெட்டை எடுத்து மடியில் வைத்தார்.

"மேல எதைக் கேட்டீங்க?"

"காத்தைத்தானுங்க. நேரா விழுந்தா ஒரு சத்தம், கோணையா விழுந்தா ஒரு சத்தம் வருமுன்னு, மூஞ்சிய எடப்பக்கம் திருப்பி நல்ல காதைக் குடுத்துட்டே இருந்தேன். அந்தப் பொட்டியை வெச்ச பொறகு, அது எப்பக் கத்துமுன்னு காத்துட்டு இருந்தேன்."

"கத்துச்சா?"

"ஒருக்காக் கூடக் கேக்கலீங்க."

மெல்பா ஹெல்மெட்டிலிருந்து அந்தக் கருவியை எடுத்தார். பொத்தானை அழுத்தினார். கத்தியது. அதை அவர் கையில் கொடுத்துவிட்டு அலுவலகத்துக்குப் போய் ஒரு காகிதத்தோடு வந்தார். முகாமில் சேரும்போது செங்கோடன் எழுதிக் கொடுத்த மருத்துவப் படிவம். காது கேட்கும் திறன் என்ற இடத்தில், இரண்டும் நன்றாகக் கேட்கும் என்று அவர் கையெழுத்தில் இருந்தது.

"நீங்க கம்பியில விழுந்திருந்தா நான் ரேடியோவைத்தான் குறை சொல்லியிருப்பேன்" என்றார் மெல்பா. "கடைசி வரைக்கும் எனக்குத் தெரிஞ்சிருக்காது."

செங்கோடன் பேனாவை வாங்கினார். அடித்துவிட்டு எழுதினார்.

"ஊருக்கு அனுப்பிருவீங்களா?"

"டாக்டர் பாக்கணும். அதுவரைக்கும் எனக்குத் தெரியாது."

இரண்டு நாள் செங்கோடன் தரையிலேயே இருந்தார். மற்றவர்கள் குதிப்பதை அண்ணாந்து பார்த்தார். பக்கத்து நகரத்தில் ஒரு காது டாக்டர் சோதித்தார். நரம்புதான் போயிருக்கிறது, செவிப்பறை நன்றாக இருக்கிறது, குதிக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். வெளியே வந்ததும் செங்கோடன் மனைவிக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னார்.

"என்ன சொன்னாங்க?" என்று மெல்பா கேட்டார்.

"அஞ்சு வருசமாத் தெரியுமுன்னு சொல்றாளுங்க."

முகாமின் கடைசி நாளில் பதினைந்தாவது குதிப்பு. ரேடியோவை ஹெல்மெட்டின் வலப்பக்கம் மாற்றியிருந்தார்கள். கருவி இல்லை.

"என் முகத்தைப் பாருங்க" என்றார் மெல்பா. "எனக்குப் பின்னால தரையும் வானமும் சேருற கோட்டைப் பாருங்க. அப்பப்ப மணிக்கட்டைப் பாருங்க. வேற வேலை இல்ல."

"காதுக்குங்க?"

"காதுக்கு இன்னைக்கு லீவு."

குதித்தார்கள். முதல் சில நொடிகளில் செங்கோடனின் முகம் பழக்கத்தில் இடப்பக்கம் போனது. உடம்பும் அதன் பின்னால் திரும்பத் தொடங்கியது. மெல்பாவின் முகம் பார்வையிலிருந்து நழுவியது. செங்கோடன் அதைத் தேடிப் பிடித்தார். உடம்பு நின்றது.

கீழே ஒரு ஏரி இருந்தது. இத்தனை நாளும் அது சுழன்றுகொண்டே இருந்த ஏரி. இன்றைக்கு நின்ற இடத்திலேயே நின்று, கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதானது. அதன் மதகைக்கூட அவரால் பார்க்க முடிந்தது. கரையில் வரிசையாகப் பனை நின்றது.

எதிரே மெல்பாவின் கன்னங்கள் காற்றில் படபடத்தன. அவருடைய ஹெல்மெட் முகத்தை மூடாது. வாய் அசைந்தது. ஏதோ சொன்னார். சற்று நேரம் கழித்து மறுபடியும் சொன்னார். செங்கோடன் தலையை ஆட்டினார்.

ஐயாயிரம் அடியில் விரிக்கப் போகிறேன் என்று கைகளை வீசிக் காட்டிவிட்டு இழுத்தார். முறுக்கில்லாமல் விரிந்தது. வலது காதில் ரேடியோ பேசியது. திரும்பச் சொன்ன இடத்தில் திரும்பினார். புல்லில் இரண்டு காலையும் ஊன்றி இறங்கினார்.

மெல்பா தூரத்தில் தன் பாராசூட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தார். செங்கோடன் தன்னுடையதை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு அவரிடம் நடந்து வந்தார். எதிரே வந்து நின்றார்.

"மேல என்கிட்ட என்னமோ சொன்னீங்க, டீச்சர்."

"ஆமா."

"ரெண்டு தடவை சொன்னீங்க."

"ஆமா."

"எனக்குக் கேக்கலீங்க. தலையை மட்டும் ஆட்டி வெச்சேன். ஆறு வருசமா எல்லாருகிட்டயும் அப்படித்தான் ஆட்டிட்டு இருக்கறேன்." வலது காதை அவர் பக்கம் திருப்பினார். "என்னங்க சொன்னீங்க?"

மெல்பா ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"அந்தக் காத்துல எனக்கும் கேக்கல, அண்ணே" என்றார்.