செம்பு நிற்கிற இடம்

கூத்தன்குறிச்சிக்காரர்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு. சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். அந்த ஊருக்கு வந்த கேடெல்லாம் இந்த ஒரு நல்ல குணத்தால் வந்ததுதான்.

அந்த ஊரில் வாழைக்காய் மண்டி வைத்திருந்த கோமதிநாயகத்துக்குத் திடீரென்று ஓர் ஆசை. ஓய்ந்த நேரத்தில் தன் கையாலேயே ஒரு மேசை செய்ய வேண்டும், அதுவும் உட்கார்ந்து எழுதுகிற மேசை. மனுஷர் என்ன எழுதப்போகிறார் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை. பக்கத்து ஊர் மாடக்கண்ணு ஆசாரியிடம் போய் யோசனை கேட்டார்.

"நாலு பேராச் சேர்ந்து செய்யுங்க. காலெல்லாம் மூணு சாண் இருக்கட்டும். பலகையை முகம் தெரியிற மாதிரி இழைக்கணும். அவசரம் மட்டும் கூடாது" என்றார் ஆசாரி. பாவம், அவருக்கு இந்த ஊரைப் பற்றி அப்போது ஒன்றும் தெரியாது.

கோமதிநாயகம் மூன்று கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டார். ஆவுடையப்பனும் பிச்சாண்டியும் நிலைப்படியில் தலை இடிக்கிற நெட்டை. சுடலைமுத்து நம் கோமதிநாயகத்தைப் போலவே குட்டை. அவசரம் கூடாது என்பதால், யார் எந்தக் காலை அறுப்பது என்று பேசி முடிக்கவே ஒரு மழைக்காலம் போய்விட்டது. கடைசியில் ஆளுக்கு ஒரு கால் என்று முடிவாயிற்று. ஆளாளுக்குத் தன் கையை விரித்து, மூன்று சாண் அளந்து, சுத்தமாக அறுத்தார்கள். உட்காருகிற பக்கத்துக் கால் இரண்டும் நெட்டையர்களுக்கு, எதிர்ப்பக்கம் குட்டையர்களுக்கு.

பிறகு பலகை. நல்ல வேங்கைப் பலகை, இழைத்தார்கள். குனிந்து பார்த்தால் முகம் தெரியவில்லை. மறுபடி இழைத்தார்கள். மாதக்கணக்கில் இழைத்ததில் பலகை அப்பளமாகிப்போனது, முகம் மட்டும் வந்தபாடில்லை. ஒருநாள் இழைப்புளி பலகையைக் கிழித்துக்கொண்டு அந்தப் பக்கமே போய்விட்டது. அடியில் குந்தி மரச்சுருள் பொறுக்கிக்கொண்டிருந்த சுடலைமுத்து அண்ணாந்து பார்த்தார்.

"முகம் தெரிஞ்சிருச்சு அண்ணாச்சி" என்றார் பிச்சாண்டி, பெரிய நிம்மதியோடு.

முகம் தெரிந்தது, பலகைதான் இல்லை. வேறு பலகைக்கு எங்கே போக? கோமதிநாயகத்தின் வீட்டில் ஒரு பலகைக்கட்டில் இருந்தது. அவர் மனைவி பகவதி கல்யாணத்துக்குச் சீராகக் கொண்டுவந்த கட்டில். அவள் சந்தைக்குப் போன நேரம் பார்த்து அதைப் பிரித்து மேசைக்கு ஏற்றிவிட்டார்கள். பகவதி வந்தாள், பார்த்தாள், தரையில் பாயை விரித்துப் படுத்தாள். அதுவரைக்கும்கூடப் பொறுத்துக்கொண்டவள்தான். மறுநாள் மத்தியானம் அந்த மேசைமேல் ஒரு செம்புத் தண்ணீரை வைத்துவிட்டு, எதிர்ப்பக்கம் பாயில் கண்ணயர்ந்தாள். செம்பு சறுக்கிக்கொண்டே வந்து அவள் தலையில் கவிழ்ந்தது.

"இந்த மேசை மேல வச்ச செம்பு வச்ச இடத்துல நிக்கட்டும். அன்னைக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டு, ஈரத்தலையோடு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

கோமதிநாயகத்துக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. பகவதி இல்லாத வீடு அவருக்கு வீடாகவே இல்லை. கூட்டாளிகளைக் கூட்டிவைத்து அழுதுவிட்டார். அவர்களும் கலங்கிப்போனார்கள். தப்பு எங்கே என்று பார்க்க, அவரவர் அறுத்த காலை அவரவர் கையால் திரும்ப அளந்தார்கள். நாலும் மூன்று சாண், ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லை.

"கால் சரி. அப்போ தரைதான் கோணல்" என்றார் ஆவுடையப்பன்.

"நானும் இந்த வீட்ல முப்பது வருஷமா நடக்கேன், ஒருநாளும் சறுக்கலியே" என்றார் கோமதிநாயகம்.

"நீங்க செம்பு இல்லியே அண்ணாச்சி."

செம்பு இல்லைதான் என்று கோமதிநாயகம் ஒப்புக்கொண்டார். மறுபடி ஆசாரியிடம் ஓடினார்கள். ஆசாரி கதையை முழுக்கக் கேட்டார், தலையில் அடித்துக்கொண்டார். "ஐயா, உங்க மேசைக்குத் தகுந்த இடமா நீங்களே பார்த்துப் போட்டுக்கோங்க, என்னை விட்டுருங்க" என்று கும்பிட்டார்.

சொன்னபடி இடம் பார்க்கக் கிளம்பினார்கள். நாலு பேரும் மேசையைச் சுமக்க, மேலே பகவதியின் செம்பு. களத்தில் வைத்தார்கள், செம்பு விழுந்தது. பள்ளிக்கூட வாசலில் விழுந்தது. தேரடியில் விழுந்ததில் செம்பு நசுங்கியே போனது. கடைசியில் தோள் நோவு தாங்காமல் தெப்பக்குளத்துப் படியில் இறக்கினார்கள். நெட்டையர் அறுத்த கால்கள் தண்ணீருக்குள் இருந்த கீழ்ப்படியில், குட்டையர் அறுத்தவை மேல்படியில். செம்பு அசையவில்லை. தட்டிப் பார்த்தார்கள், ஊதிப் பார்த்தார்கள். கல்லுப் பிள்ளையாராட்டம் நின்றது.

கோமதிநாயகம் ஓடிப்போய் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, கீழ்ப்படியில் உட்கார்ந்து, மேசைமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். குளிக்க வந்தவர்கள் அவரைச் சுற்றிப்போய்க் குளித்தார்கள். பகவதிக்குச் சொல்லியனுப்பினார்கள்.

அவள் வந்தாள். நசுங்கிய செம்பைப் பார்த்தாள், நனைந்த புருஷனைப் பார்த்தாள். பகவதியும் கூத்தன்குறிச்சியில் பிறந்தவள்தான், அதை மறந்துவிடாதீர்கள்.

"சொன்ன சொல்லு சொன்னதுதான், வாரேன்" என்றாள். "ஆனா குளத்துல நான் எங்க அடுப்பு வைக்க? நம்ம வீட்டுக்குள்ள இதே மாதிரி ஒரு படி கட்டுங்க."

கட்டினார்கள். மேசையைத் தூக்கிவந்து வைத்தார்கள். ஆனால் தூக்கிவந்த குழப்பத்தில், நெட்டைக் கால்கள் மேல்படியிலும் குட்டைக் கால்கள் கீழேயும் போய்விட்டன. வைத்த செம்பு நேரே வாசல் தாண்டித் தெருவுக்குப் போனது.

நாலு பேரும் மறுபடி காலை அளக்க உட்கார்ந்தார்கள். பகவதி போய்ச் செம்பை எடுத்துவந்தாள். மேசையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். தான் கட்டிக்கொண்ட மனுஷனுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று அவளுக்கு இரக்கமாகப் போய்விட்டது.

"அங்க தண்ணி இருந்துச்சுல்லா? இங்க எங்க இருக்கு?" என்றாள்.

உடனே கூட்டாளிகள் மூவரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு குளத்துக்கு ஓடினார்கள். பகவதி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, அந்த நசுங்கிய செம்பாலேயே வீட்டுக்குள் தண்ணீர் ஊற்றத் தொடங்கினாள். கோமதிநாயகம் மேசைக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து, இடுப்பளவு எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். பெண்டாட்டி வீட்டுக்கு வந்துவிட்ட சந்தோஷத்தில், வாசல் கதவு திறந்து கிடப்பதை அவர் கவனிக்கவே இல்லை.