நாமக்கல்லில் ஒரு சேசிஸ்

நாமக்கல்லில் சேசிஸ் என்றால் லாரி. அதனால் ராசப்பன் புது சேசிஸ் வாங்கப் போவதாகச் சொன்னபோது, எந்தக் கம்பெனி வண்டி என்றுதான் அவர் மனைவி கேட்டார். துப்பாக்கிக்கு என்றதும் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ராசப்பன் லாரிக்கு பாடி கட்டுகிறவர். ஐம்பது வயதுக்கு மேல் எங்கள் ரைபிள் கிளப்பில் சேர்ந்து, பாயின்ட் டூ டூ ரைபிள் சுடப் பழகினார். முதுகில் ‘தமிழ்நாடு’ என்று எழுதிய சட்டையை ஒருமுறையாவது போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. போன வருட மாநில அணித் தேர்வில் ஒரே ஒரு பாயின்ட்டில் அது நழுவியது. பழி முழுவதும் துப்பாக்கியின் மரக்கட்டை மேல் விழுந்தது. கட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, குழலை ஓர் அலுமினிய சேசிஸில் உட்கார வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினார்.

எங்கள் கோச் ஷம்ஷாத்துக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ராசப்பன் அவரை ‘மேடம்’ என்பார், அவர் ராசப்பனை ‘அண்ணா’ என்பார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. எங்களை மாதிரி ஆட்களை வைத்துக்கொண்டு அப்படி இருப்பதற்கே தனியாக ஒரு மெடல் கொடுக்கலாம்.

“மேடம், ரெண்டு சேசிஸ் பார்த்து வச்சிருக்கேனுங்க. ஒண்ணு நம்ம பக்கமே செஞ்சது, என் கைக்கு எட்டற விலை. இன்னொண்ணு வெளிநாட்டுது. அதை வாங்கோணும்னா பட்டறையில ஒரு மெசினை விக்கோணும். எதை வாங்கலாமுங்க?”

“ரெண்டையும் கொண்டு வாங்கண்ணா.”

இந்த வருடத் தேர்வுக்கு முதல்நாள் இரண்டும் வந்தன. வெளிநாட்டு சேசிஸை விற்கிறவரே கூட வந்து, ராசப்பனின் துப்பாக்கியை அதில் மாட்டிக் கொடுத்தார். ராசப்பன் படுத்தவாக்கில் ஐந்து குண்டு சுட்டார். ஐந்து ஓட்டையையும் ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிடலாம்.

அடுத்து உள்ளூர் சேசிஸ். இதை ராசப்பனே மாட்டினார். லாரி போல்ட் இறுக்கிப் பழகிய கை அல்லவா, எல்-கீயின் முனையில் ஒரு பைப்பைச் சொருகி, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார்.

இந்த முறை ஐந்து ஓட்டையும் ஐந்து ஊரில் இருந்தன.

“பாத்தீங்களா மேடம்? காசுக்கேத்த சரக்கு.”

ஷம்ஷாத் எல்-கீயை வாங்கி போல்ட்டைத் திருப்பிப் பார்த்தார். அது அசையவில்லை. கீயை ராசப்பனிடமே நீட்டினார்.

“கழட்டுங்கண்ணா.”

ராசப்பன் மறுபடியும் பைப்பைச் சொருக வேண்டியிருந்தது. போல்ட் தளர்ந்தபோது துப்பாக்கிக்குள் ‘டிக்’ என்று ஒரு சத்தம்.

“என்னங்க அது?”

“இறுக்குன இறுக்குல வளைஞ்சு உக்காந்திருந்துது. இப்பத்தான் நிமிருது.”

ராசப்பன் குழலைத் தடவிக் கொடுத்தார்.

“ஏண்ணா இவ்வளவு இறுக்குனீங்க?”

“விலை கம்மிங்களே மேடம். நம்பிக்கை வரலீங்க.”

ஷம்ஷாத் தன் பையிலிருந்து ஒரு சின்ன டார்க் ரென்ச்சை எடுத்தார். இறுக்க வேண்டிய அளவு வந்ததும் தானே ‘கிளிக்’ என்று சொல்லும் ரகம். இரண்டு விரலால் திருப்பினார். கிளிக் கேட்டதும் நிறுத்தினார். ராசப்பனின் கை தானாக எல்-கீயைத் தேடிப் போனது. கீ அதற்குள் ஷம்ஷாத்தின் பைக்குள் போயிருந்தது.

“சுடுங்க.”

சுட்டார். அதே ஒரு ரூபாய் போதுமாக இருந்தது. ராசப்பன் ஓட்டை விழுந்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு வெளிநாட்டு சேசிஸ்காரரிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு, உள்ளூர் சேசிஸுக்குப் பணம் கட்டினார்.

மறுநாள் தேர்வில் மூன்று பேரை எடுத்தார்கள். மூன்றாவது பெயர் ராசப்பன். அந்த மனிதர் எல்லார் முன்னாலும் அழுதார், கைக்குட்டையைக்கூடத் தேடவில்லை. எங்களில் ஒருவருக்கும் கிண்டல் செய்ய வாய் வரவில்லை.

ஆனால் ராசப்பன் ராசப்பன்தானே. டீ குடித்து முடிப்பதற்குள் அடுத்த கவலை பிடித்துக்கொண்டது.

“மேடம், அந்த வெளிநாட்டு சேசிஸா இருந்திருந்தா முதலாவதா வந்திருப்பனுங்களா?”

ஷம்ஷாத் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“வந்திருக்கலாம்.”

ராசப்பனின் முகம் சுருங்கிவிட்டது.

“அப்புறம் ஏனுங்க இதை வாங்கச் சொன்னீங்க?”

“நான் எங்கண்ணா வாங்கச் சொன்னேன்? கழட்டத்தானே சொன்னேன்.”