இலக்கியாவின் பார்வையாளர்கள்

"அம்மா, நாளைக்கு என் பொண்ணு மாட்டிக்கப் போறா. என்னாலதான்."

தனுஷ்கோடி உட்காரக்கூட இல்லை.

மடத்தை நடத்தும் அம்மா முற்றத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். தனுஷ்கோடியைவிட வயதில் இளையவர். ஆனாலும் தனுஷ்கோடி தன் கலக்கங்களை எல்லாம் இவரிடம்தான் கொண்டுவருவார்.

"முதல்ல உட்காருங்க. என்ன செஞ்சீங்க?"

மகள் இலக்கியா விண்ணப்பித்திருந்த கல்லூரிக்கு மதிப்பெண் மட்டும் போதாது. படிப்புக்கு வெளியே என்ன செய்தாய் என்றும் கேட்டிருந்தார்கள். அவள் தன் யூடியூப் சேனலைக் குறிப்பிட்டிருந்தாள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழில் கணக்குப் பாடம். நாளை காலை நேர்காணல்.

"அந்தச் சேனலை யாரும் பார்க்கலைம்மா. புள்ள முகம் வாடிப்போச்சு. அதனால நானே..."

"நீங்களே?"

"பல பேர்ல ஐடி போட்டு கமெண்ட் எழுதினேன். பார்க்கிறவங்கள்ல முக்கால்வாசிப் பேர் நான்தான்."

அம்மா அவருடைய போனை வாங்கிப் படித்தார்.

"'தங்களின் விளக்கம் மிகவும் பயனுள்ளதாக இருந்தது. இங்ஙனம், மதன், ஆறாம் வகுப்பு.' ஏங்க, பையன் பாடம் படிக்கிறானா, தாசில்தாருக்கு மனு எழுதுறானா?"

தனுஷ்கோடிக்குச் சிரிப்பு வரவில்லை. தாலுகா அலுவலகத்தில் எழுதி எழுதிப் பழகிய கை.

"யாராவது தொடர்ந்து பார்க்கிறாங்களான்னு இன்டர்வியூல கேட்டா நீ என்ன சொல்லுவேன்னு அவகிட்டக் கேட்டேன். 'ஒருத்தர் விடாம வர்றார்ப்பா, அவரைப் பத்திச் சொல்லுவேன்'கிறா. இந்த மதனைத்தான் நம்பிட்டிருக்கா. அவங்க தோண்டித் துருவினா? பொய்க்காரின்னு வெளியே அனுப்பிட்டா?"

"அவகிட்டச் சொல்லிடலாமே."

"சொன்னா உடைஞ்சுபோவா. நாளைக்கு வாயே திறக்கமாட்டா."

அம்மா கடைசி வீடியோவைக் காட்டினார்.

"இதுல என்ன சொல்லித்தர்றா?"

தனுஷ்கோடி விழித்தார்.

"பார்த்ததில்லைம்மா. வீடியோ வந்ததும் கமெண்ட் போட்டுருவேன்."

அம்மா வீடியோவை ஓடவிட்டார்.

ஆறை அரையால் வகுத்தால் பன்னிரண்டு என்றாள் இலக்கியா. ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தினாள். எதிரே யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் பார்த்தாள். காத்திருந்தாள். பிறகுதான் அடுத்த வரிக்குப் போனாள்.

தனுஷ்கோடியால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை.

வீடியோ முடிந்தது.

"புரிஞ்சுதா?"

"இல்லைம்மா. வகுத்தா குறையணும். இது எப்படிக் கூடுது?"

"அதை எழுதுங்க."

"ஐயோ! நாளைக்கு அவங்க கண்ணுல பட்டா? பாடம் நடத்தத் தெரியலைன்னு நினைக்கமாட்டாங்களா?"

அம்மா கீரைக்குத் திரும்பிவிட்டார்.

தனுஷ்கோடி போனைக் கையில் எடுத்தார். கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து யாரிடமும் அவர் இந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

மதனின் பெயரில் தட்டினார்.

'எனக்குப் புரியலை.'

அனுப்பினார்.

அனுப்பிய மறுகணமே அழித்துவிடலாம் என்று விரலைக் கொண்டுபோனார்.

அதற்குள் இலக்கியாவிடமிருந்து பதில் வந்திருந்தது.

'எந்த இடத்துல புரியலை, அப்பா?'